அரை டிராயர் டிரைவரும் எங்கப்பாவும்

உங்க அப்பாவோட நீங்க கடைசியா டூர் போனது எப்போ பாஸ்? பழனிக்குக் கூட்டிட்டுப் போய் மொட்டை போட்டு, காது குத்தி, அழ அழ போட்டோ எடுத்தாங்களே... அதெல்லாம் கணக்குல வராது. நீங்க காசு போட்டு, நீங்க டிக்கெட் எடுத்து, அவரை ஜன்னலோரம் உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனது எப்போ?

எனக்கு போன டிசம்பர்லதான் அந்தப் பாக்கியம் வாய்ச்சது. நியூஸிலாந்தில் டுனெடின் நகரத்தில் எனக்குப் பட்டமளிப்பு விழா. அம்மா, அக்காவின் பிரசவத்துக்குப் போயிட்டதால அப்பா மட்டும் வந்திருந்தார். குரங்குக் குல்லா, தோளில் துண்டு, பையில் அஞ்சு பாக்கெட் முறுக்கு சகிதமாக! விழா முடிஞ்சதும், ‘சும்மா நாலு நாள் ரூம்லயே உட்கார்ந்தா போரடிக்கும்ப்பா’ன்னு குவீன்ஸ்டவுனுக்கு இழுத்துட்டுப் போனேன். அங்கேயிருந்து ‘மில்ஃபோர்டு சவுண்ட்’ போக ஒருநாள் டூர். பஸ்ல போய், படகுல சுத்திட்டு, பஸ்லயே திரும்பி வரணும். நான் சூப்பர் மார்க்கெட்ல ராத்திரி ஷிஃப்ட்ல டப்பா அடுக்கிச் சம்பாதிச்ச காசு மொத்தமும் ரெண்டு டிக்கெட்ல காலி. அப்பா டாலரை ரூபாய்க்கு மாத்திப் பார்த்துட்டு, “இந்தக் காசுக்கு நம்ம ஊர்ல ஒரு எருமை வாங்கலாம் சாமி”ன்னார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாகணும். எங்கப்பா பஸ் டிரைவர். கவர்மென்ட் பஸ். 31 வருஷ சர்வீஸ். அதுல 19 வருஷம் கொல்லிமலை ரூட். 70 கொண்டை ஊசி வளைவு! அப்படிப்பட்ட மனுஷனை இன்னொருத்தர் ஓட்டுற பஸ்ல பதிமூணு மணி நேரம் பாசஞ்சரா உட்கார வெச்சா என்ன ஆகும்? அதைத்தான் இப்போ நீங்க படிக்கப் போறீங்க.

காலை ஏழு மணி. கூரையில்கூட கண்ணாடி பதிச்ச பளபளா கோச். டிரைவர் இறங்கி வந்து எல்லாருக்கும் கை கொடுத்தார். நரைச்ச தலை, அறுபது வயசு இருக்கும். முழங்காலுக்கு மேல நிக்கிற அரை டிராயர், முழங்காலுக்குக் கீழே வரைக்கும் இழுத்துவிட்ட சாக்ஸ். அப்பா முகம் போன போக்கைப் பார்க்கணுமே! “டூட்டியில அரை டிராயரா? நம்ம டெப்போவா இருந்தா மெமோ குடுத்திருப்பாங்க” என்றார் என் காதில். முன்வரிசையில், டிரைவரோட கை, கால், கண்ணாடி எல்லாம் தெரியுற மாதிரி இடது பக்க சீட்டைப் பிடிச்சு உட்கார்ந்தார். அந்த ஊர்லயும் நம்மளை மாதிரியே ரோட்டுக்கு இடது பக்கம்தான் ஓட்டணும் என்பதில் மட்டும் அவருக்குப் பரம திருப்தி.

வண்டி கிளம்பிச்சு. டிரைவர் காதில் மாட்டின மைக்கில் பேச ஆரம்பிச்சார். ஆரம்பிச்சவர் நிறுத்தவே இல்லை. அதான் அங்கே வழக்கம். டிரைவரேதான் கைடு. “ஓட்டும்போது பேசக் கூடாதுன்னு இவனுக்கு யாரும் போர்டு எழுதி வெக்கலையா?”ன்னு அப்பா பதறினார். அதோட, அவர் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதிக்க ஆரம்பிச்சது. திரும்பி வர்ற வரைக்கும் அந்தக் கால் ஓயவே இல்லை.

அவர் சொல்றதை நான் தமிழ்ல சொல்லணும், அப்பா அதுக்குத் தீர்ப்பு சொல்வார். இதுதான் ஏற்பாடு.

முதல்ல வாக்காட்டிப்பு ஏரி. சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்னல் கோடு மாதிரி வளைஞ்சு கிடக்கு. அந்த ஏரித் தண்ணி சில சென்டிமீட்டர் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். அரை மணிக்கு ஒருதரம் மூச்சு விடுற மாதிரி. மாவோரிகள் சொல்ற கதைப்படி, மட்டாவுன்னு ஒரு அரக்கன் தூங்கிட்டிருந்தப்போ அவனை நெருப்பு வெச்சுக் கொன்னாங்க. அவன் உடம்பு எரிஞ்சு உண்டான பள்ளம்தான் ஏரி. இதயம் மட்டும் வேகலை. அது இன்னும் அடியில துடிச்சுட்டிருக்கு. நான் இதைச் சொல்லி முடிச்சதும் அப்பா, “சரி, அந்தக் கதையை வண்டியை ஓரங்கட்டிட்டுச் சொல்லக் கூடாதா?” என்றார்.

நேர்கோட்டில் பறந்தா குவீன்ஸ்டவுன்லேருந்து மில்ஃபோர்டு சவுண்ட் சுமார் 70 கிலோமீட்டர்தான். ஆனா நடுவுல மலை மலையா நிக்குதே! அதனால சுத்தி வளைச்சு 290 கிலோமீட்டர் போகணும். போக வர கிட்டத்தட்ட சென்னை - திருநெல்வேலி தூரம், ஒரே நாள்ல. வழியெல்லாம் ஆடு. அந்த நாட்டு ஜனத்தொகை 50 லட்சத்துச் சொச்சம், ஆடுகளோ ரெண்டு கோடிக்கு மேல. எங்க ஊர் நாமக்கல் ஆச்சே... அப்பா ஒரு மணி நேரம் வெளியே பார்த்துட்டு, “இவ்வளவு இடத்தை வெச்சுக்கிட்டு ஒரு கோழிப் பண்ணைகூடக் காணோமே”ன்னு வருத்தப்பட்டார்.

டெ அனாவ் என்ற குட்டி ஊரில் காபிக்கு நிறுத்தம். தெற்குத் தீவிலேயே பெரிய ஏரி இந்த ஊர் ஏரிதான். காபி மூணு வாய் குடிச்சுட்டு மீதியை என்கிட்டே நீட்டிட்டார். அதைத் தாண்டினா நிஜமான ஆட்டம் ஆரம்பம். ஃபியோர்ட்லாண்டு தேசியப் பூங்கா. பூமத்திய ரேகைக்கும் தென் துருவத்துக்கும் சரிபாதி தூரத்தில் இருக்கிற 45 டிகிரி கோட்டை வழியில் தாண்டுறோம். எக்லின்டன் பள்ளத்தாக்குன்னு ஒண்ணு வருது பாருங்க... நடுவில் பொன்னிறப் புல்வெளி, ரெண்டு பக்கமும் செங்குத்தா மலை. பனிப்பாறை ஆறு மாதிரி நகர்ந்து, அந்தப் பள்ளத்தாக்கை அடியிலேருந்து செதுக்கி எடுத்த மாதிரி ‘ப’ வடிவத்தைத் தலைகீழாக் கவுக்காம நிமிர்த்தி வெச்சிருக்கு. பஸ்ல இருந்த அத்தனை பேரும் ‘ஓ’ன்னாங்க. அப்பா மட்டும், “கண்ணாடியைப் பார்க்கிறான்... நல்லாப் பார்க்கிறான்” என்றார். டிரைவருக்குக் கிடைச்ச முதல் மார்க்!

‘மிரர் லேக்ஸ்’னு குட்டிக் குட்டி ஏரிகள். காத்து அடங்கியிருந்ததால தண்ணியில மலை அப்படியே தலைகீழா நின்னுச்சு. அங்கே ஒரு போர்டை வேணும்னே தலைகீழா எழுதி வெச்சிருக்காங்க. தண்ணியில பார்த்தா பேர் நேராத் தெரியும். எல்லாரும் போட்டோ எடுத்துட்டிருக்க, அப்பா ரொம்ப நேரம் அந்தப் போர்டையே பார்த்துட்டு நின்னார். “டிரைவருக்குக் கண்ணாடிதான்டா பாதி உத்தியோகம். முன்னாடி போறது ரோடு. பின்னாடி நடக்கிறது பூரா அதுலதான் தெரியும்” என்றார். எனக்கு என்னவோ சுருக்னு இருந்துச்சு. ஏன்னு கொஞ்சம் பொறுத்துச் சொல்றேன்.

அடுத்து மங்கி க்ரீக். மலையிலேருந்து உருகி வர்ற ஓடை. ஐஸ் தண்ணியை பாட்டில்ல பிடிச்சுக் குடிக்கலாம். அங்கேதான் வில்லன் என்ட்ரி. ‘கியா’ன்னு ஒரு கிளி. மலை உச்சியில வாழுற கிளி. பச்சை, இறக்கைக்கு அடியில ஆரஞ்சு, வளைஞ்ச மூக்கு. பார்க்கத்தான் கிளி, பண்றதெல்லாம் ரவுடித்தனம். கார் ரப்பரைப் பிடுங்குறது, பையைத் திறக்கிறது இதெல்லாம் சாதாரணம். 2009-ல இதே மில்ஃபோர்டு ரூட்ல ஒரு ஸ்காட்லாந்துக்காரரோட பாஸ்போர்ட்டை, பஸ்ஸோட லக்கேஜ் அறையிலேருந்து ஒரு கியா தூக்கிட்டுக் காட்டுக்குள்ள பறந்துடுச்சு! இன்னொண்ணு கேளுங்க. ஹோமர் சுரங்கப் பாதைகிட்ட ரோட்டுல வெச்ச ஆரஞ்சுக் கூம்புகள் இடம் மாறிக்கிட்டே இருந்ததாம். யார் வேலைன்னு கேமராவைப் பார்த்தா, நம்ம கியா குரூப் உருட்டி விளையாடியிருக்கு. கடைசியில, ‘நீங்க இங்கே விளையாடுங்க சாமி’ன்னு அதுங்களுக்காக ரோட்டோரம் ஒரு விளையாட்டு மேடையே அமைச்சுக் கொடுத்தாங்க. 2017-ல நியூஸிலாந்தின் ‘இந்த ஆண்டின் பறவை’ பட்டமும் இதுக்குத்தான். அழிஞ்சுட்டு வர்ற இனம் வேற. அதனால யாரும் கை வைக்க முடியாது.

இது எதுவும் அப்பாவுக்குத் தெரியாதே! ஒரு கியா வந்து நம்ம கோச்சோட வைப்பர் ரப்பரைக் கொத்தி இழுக்க ஆரம்பிச்சதும், துண்டை உதறிக்கிட்டு ஓடினார். “ச்சூ! ச்சூ! அதைப் பிடுங்கிட்டீன்னா மழையில எப்படிடா ஓட்டுவான் அவன்?” கியா அசரலை. துண்டோட ஒரு நுனியைக் கவ்விக்கிச்சு. இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் கியா. கயிறு இழுக்கும் போட்டி! சீனாக்காரப் பெண்கள் ரெண்டு பேர் வீடியோ எடுக்க, சமாதானத்துக்கு அப்பா முறுக்கு பாக்கெட்டை எடுத்தார். டிரைவர் ஓடி வந்து, “நோ! நோ!”ன்னு தடுத்தார். மனுஷத் தீனி கியா உடம்புக்கு ஆகாது, பழக்கப்பட்டா ரோட்டுக்கே வந்து வண்டியில அடிபட்டுச் சாகும்னார். அப்பாவுக்கு அது உடனே புரிஞ்சுது. கொல்லிமலையில குரங்குகளுக்குப் பொரி போடுறவங்களை அவர் திட்டாத நாளே கிடையாது.

டிரைவர் சிரிச்சுக்கிட்டே என்கிட்டே கேட்டார், “உங்க அப்பா என்ன வேலை பார்த்தார்?”

சாதாரணக் கேள்விதான். ஆனா நான் ரெண்டு செகண்ட் யோசிச்சேன் பாருங்க... அந்த ரெண்டு செகண்டைப் பத்திதான் சொல்லணும்.

காலேஜ் செகண்ட் இயர். அப்பாவுக்கு டவுன் ரூட் போட்டிருந்தாங்க. எங்க செட்டு மொத்தமும் ஃபுட்போர்டு. பாட்டு, தாளம், ஓட்டல். ஒருநாள் நாங்க ஏறின வண்டியில டிரைவர் சீட்ல எங்கப்பா. செட்ல ஒருத்தனுக்கும் அது தெரியாது. “எங்கப்பா கவர்மென்ட் ஆபீஸ்ல இருக்கார்”னு பில்டப் கொடுத்து வெச்சிருந்தேன். நாங்க தொங்கிக்கிட்டு வந்ததால அப்பா நடுரோட்டுல வண்டியை நிறுத்திட்டு, “உள்ளே ஏறி வாங்கப்பா”ன்னு கத்தினார். எங்க ஆளுங்க விடுவானுங்களா? “யோவ் பெருசு, ஒழுங்கா வண்டியை எடுய்யா!” எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, ஆனா சிரிச்சேன். அன்னிக்கு ராத்திரி வீட்டுல அப்பா ஒண்ணுமே சொல்லலை. எப்பவும் போல, “சாப்ட்டியா”ன்னார். அவர் என்னைப் பார்த்தாரா, பார்க்கலையான்னு எனக்குத் தெரியாது. ஒன்பது வருஷமா நானும் கேட்கலை.

“பஸ் டிரைவர்”னு சொன்னேன். “31 வருஷம். மலை ரூட். எழுபது ஹேர்பின்.”

டிரைவர் விசிலடிச்சார். “எழுபதா!” அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா அப்போ பிஞ்சுபோன துண்டை மடிச்சுக்கிட்டு, வைப்பர் சரியா இருக்கான்னு தொட்டுப் பார்த்துட்டிருந்தார்.

அதுக்குள்ள மழை பிடிச்சுக்கிச்சு. போச்சுடா, எருமை விலை கொடுத்து வந்தது மழையைப் பார்க்கவான்னு எனக்குக் கடுப்பு. டிரைவரோ மைக்கில், “நீங்க ரொம்ப அதிர்ஷ்டசாலிகள்”ங்கிறார். நக்கலான்னு நினைச்சேன். அப்புறம்தான் கணக்குச் சொன்னார். சென்னைக்கு வருஷம் முழுக்கக் கிடைக்கிற மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். மில்ஃபோர்டுக்கு 6,400-க்கும் மேல. வருஷத்தில் பாதி நாள் மழைதான். மண்ணே இல்லாத வெறும் பாறை மலை என்பதால பெய்யுற தண்ணி அப்படியே அருவியா இறங்கும். மழை நின்னு கொஞ்ச நேரத்துல அந்த அருவிகளும் காணாமப் போயிடும். வெயில் நாளில் வந்தவன் ரெண்டு மூணு அருவி பார்ப்பான், மழை நாளில் வந்தவன் எண்ணவே முடியாது. நிஜம்தான் பாஸ். சுத்தி எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை மேல வெள்ளை நூல் தொங்கிச்சு.

ஹோமர் சுரங்கம் வந்தது. நீளம் 1,270 மீட்டர். 1935-ல, வேலையில்லாத் திண்டாட்ட காலத்துல, அஞ்சே அஞ்சு பேர் கடப்பாரை, மண்வெட்டியோட ஆரம்பிச்ச வேலை. குளிர்காலத்துல சூரியனே எட்டிப் பார்க்காத இடத்துல கூடாரம் போட்டுத் தங்கித் தோண்டியிருக்காங்க. பனிச்சரிவுல மூணு பேர் செத்திருக்காங்க. நடுவுல உலகப் போர் வேற வந்து, ஒருவழியா 1954-ல திறந்தாங்க. இன்னமும் உள்ளே பூச்சு கிடையாது, வெட்டின பாறை அப்படியே தெரியுது. சிக்னல் போட்டு, ஒரு நேரத்துக்கு ஒரு பக்கம்தான் விடுறாங்க. அதுவும் உள்ளே நுழைஞ்சதுமே பத்துக்கு ஒண்ணு இறக்கம்.

இருட்டு. பாறையில தண்ணி சொட்டுது. டிரைவர் மைக்கை அணைச்சுட்டார். முதல்முறையா பஸ் அமைதியாச்சு. அப்பா கண்ணை மூடிக்கிட்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். “பிரேக்கைத் தொடலை. எஞ்சின்லயே பிடிச்சு இறக்குறான்” என்றார் மெதுவா. “பேச வேண்டிய எடத்துல பேசுறான். மூட வேண்டிய எடத்துல மூடிக்கிறான். பரவால்லடா.” வெளியே வந்தா, பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு கீழே இறங்குற ரோடு. ஒவ்வொரு வளைவுக்கும் அப்பாவோட கைகள் மடியில ஒரு ஸ்டியரிங்கைத் திருப்பிக்கிட்டே இருந்துச்சு.

சரி, படகுக்கு வருவோம். ‘மில்ஃபோர்டு சவுண்ட்’ங்கிற பேரே தப்பு, தெரியுமா? ஆத்துப் பள்ளத்தாக்குல கடல் புகுந்தா அது சவுண்ட். பனிப்பாறை குடைஞ்ச பள்ளத்துல புகுந்தா ஃபியோர்டு. இது சந்தேகமே இல்லாம ஃபியோர்டு. 1800-களின் ஆரம்பத்துல சீல் வேட்டைக்கு வந்த ஒரு வேல்ஸ் கேப்டன் வெச்ச ஊர்ப் பேரு, அப்படியே ஒட்டிக்கிச்சு. கேப்டன் குக் 1770-ல இந்தக் கரையோரமா வந்தும் இதோட வாசலைக் கண்டுபிடிக்கலை. மலைகள் ஒண்ணு மேல ஒண்ணு மறைச்சு நிக்கிறதால, கடல்லேருந்து பார்த்தா உள்ளே வழி இருக்கிறதே தெரியாது. மாவோரிகளுக்கோ பல நூறு வருஷமாத் தெரியும். அவங்க வெச்ச பேர் ‘பியோபியோடாஹி’. ஒத்தைப் பியோபியோ பறவைன்னு அர்த்தம். அந்தப் பறவை இனம் இப்போ இல்லை. 1998-லேருந்து ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் அரசாங்கமே எழுதுது.

படகு கிளம்பினதும் வாய் பிளந்து நின்னோம். மைட்டர் சிகரம் தண்ணியிலேருந்தே நேரா 1,683 மீட்டர் எழும்பி நிக்குது. அடிவாரம்னு ஒண்ணே கிடையாது. படகுக்கு அடியில 290 மீட்டர் வரைக்கும் ஆழம். மேல மிதக்குறது மழைத் தண்ணி, அடியில உப்புத் தண்ணி. காட்டு இலைச் சாயம் கலந்து மேல் தண்ணி டீ டிக்காஷன் நிறத்துல இருக்கிறதால வெளிச்சம் கீழே இறங்காது. அதனால ஆழ்கடல்ல வளர வேண்டிய கறுப்புப் பவளம் இங்கே பத்து மீட்டர்லயே வளருது. பாறையில கால் நீட்டிப் படுத்திருந்த சீல்களைப் பார்த்து அப்பா, “லஞ்ச் பிரேக்ல நம்ம கண்டக்டருங்க இப்படித்தான் படுத்திருப்பானுங்க” என்றார்.

ஸ்டிர்லிங் அருவி 150 மீட்டருக்கு மேல. படகோட மூக்கை அருவிக்குள்ளயே விட்டாங்க. ‘இந்தத் தண்ணி மேல பட்டா பத்து வயசு குறையும்’னு படகுக்காரங்க வழக்கமா விடுற கதையைச் சொன்னதும், ரெயின்கோட்டோட எல்லாரும் முன்னாடி ஓடினாங்க. அப்பா போகலை. “பத்து வயசு குறைஞ்சா மறுபடி டூட்டிக்குக் கூப்பிட்டுருவாங்க” என்றார். ஆனா சாரல் அவரை விடலை. குரங்குக் குல்லா சொட்டச் சொட்ட, பல்லெல்லாம் தந்தியடிக்க, வாய்விட்டுச் சிரிச்சார். அவர் அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை.

கரைக்கு வந்ததும் கொசு மாதிரி ஒண்ணு கடிச்சு எடுத்துச்சு. கொசு இல்லை, சாண்ட்ஃப்ளை. சத்தமே போடாது, கடி மட்டும்தான். மாவோரி கதையில, இந்த ஃபியோர்டுகளைச் செதுக்கின தெய்வம் வேலையை முடிச்சதும், மரணத்தின் தேவதை வந்து பார்த்துச்சாம். ‘இவ்வளவு அழகா இருந்தா மனுஷங்க இங்கேயே தங்கிடுவாங்களே’ன்னு இந்தப் பூச்சியை அவிழ்த்து விட்டுச்சாம். அப்பாவுக்குக் கதை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. “அந்தம்மா செஞ்சது சரிதான். இல்லேன்னா இந்நேரம் பிளாட் போட்டு வித்திருப்பானுங்க.”

மத்தவங்க பாத்ரூம் போன நேரம். டிரைவர் அப்பாவைக் கூப்பிட்டு, தன்னோட சீட்டைக் காட்டினார், ‘உட்காருங்க’ன்னு. அப்பா என்னைப் பார்த்தார். ஷூவைக் கழட்டி வெளியே வெச்சார். ஈர சாக்ஸோட ஏறி, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பப் போனவர், சட்டுனு கையை இழுத்துக்கிட்டார். அடுத்தவன் வெச்ச கண்ணாடியைத் தொடக் கூடாதாம். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாஷை கிடையாது. ‘கிளட்ச்’, ‘ஏர் பிரேக்’, ‘ரிவர்ஸ்’, ‘லோடு’ன்னு நாலஞ்சு வார்த்தையை வெச்சுக்கிட்டுப் பத்து நிமிஷம் பேசினாங்க. என்னை யாரும் மொழிபெயர்க்கக் கூப்பிடலை.

திரும்பும்போது, டெ அனாவ் தாண்டினதும் டிரைவர் மைக்கில் சொன்னார், “இன்னிக்கு நம்மகூட ஒரு நிஜமான டிரைவர் வந்திருக்கார். 31 வருஷம், எழுபது ஹேர்பின்.” பஸ் மொத்தமும் கை தட்டிச்சு. அப்பாவுக்கு ஒண்ணும் புரியலை. “எதுக்குடா தட்டுறாங்க?” சொன்னேன். அவர் காது மடல் சிவந்துபோச்சு. ஒரு நிமிஷம் கழிச்சு, “சரி சரி. ரெண்டு கையையும் ஸ்டியரிங்ல வெக்கச் சொல்லு முதல்ல” என்றார்.

குவீன்ஸ்டவுன்ல இறங்கும்போது மணி எட்டு. கோடைக் காலம்கிறதால வெயில் இன்னும் பளிச்னு அடிச்சுட்டிருந்தது. அப்பா டிரைவர்கிட்டே ஒரு முறுக்கு பாக்கெட்டைக் கொடுத்தார். அவர் கியா மாதிரி மூக்கை வளைச்சு, கொத்துற மாதிரி நடிச்சுக் காட்டி வாங்கிக்கிட்டார்.

ரூமுக்கு நடந்தோம். பாதி வழியில, “அப்பா... காலேஜ்ல படிக்கிறப்போ ஒருநாள், டவுன் பஸ்ல...” என்றேன். மேலே வார்த்தை வரலை.

“கண்ணாடியில பார்த்தேன்” என்றார் அப்பா.

கொஞ்ச தூரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் சொன்னார், “நீ ஒத்தைக் கையிலதான் கம்பியைப் பிடிச்சிருந்தே. அதான் வண்டியை நிறுத்தினேன்.”